பிள்ளைப்பேறும் சினைப்பை புற்றுநோயும்: கன்னிமாடத்துக் கணக்கில் தொடங்கிய கதை

1/
"பிள்ளை பெத்துக்காத பொம்பளைக்குத்தான் சினைப்பையில கேன்சர் வரும்."

இப்படி ஒரு பேச்சு ஊருக்குள் ரொம்ப நாளாக இருக்கிறது. இப்போது யூடியூப், வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கொஞ்ச உண்மையை வைத்து நிறைய பெண்களை அழ வைத்திருக்கிறார்கள்.

அந்த உண்மை எவ்வளவு, அதை யார், எப்போது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று இந்த இழையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

2/
முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஓ.பி.யில் பலரும் "கர்ப்பப்பை கேன்சர்" என்று ஒரே சொல்லில் மூன்று நோய்களைச் சொல்கிறார்கள்.

கர்ப்பப்பை: குழந்தை வளரும் பை.
கர்ப்பப்பை வாய்: அந்தப் பையின் கீழ்ப்பக்க வாசல்.
சினைப்பை: கர்ப்பப்பைக்கு இருபக்கமும் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் இரண்டு உறுப்புகள். மாதம் ஒரு முட்டை இங்கிருந்துதான் வெளியே வருகிறது.

சினைப்பையையும் கர்ப்பப்பையையும் இணைப்பது கருக்குழாய். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிற்பாதியில் இவர்தான் ஹீரோ, வில்லன் எல்லாம்.

3/
கதை இத்தாலியில் ஆரம்பிக்கிறது.

1700-களின் தொடக்கம். பதுவா நகரத்தில் பெர்னார்டினோ ரமசினி என்று ஒரு பேராசிரியர். கொல்லர், குயவர், சலவைத் தொழிலாளி என்று ஒவ்வொரு தொழில் செய்கிறவருக்கும் என்ன நோய் வருகிறது என்று எழுதி வைத்தவர். தொழில்சார் நோய் மருத்துவத்தின் தந்தை என்று இவரைத்தான் சொல்கிறோம்.

அவர் கன்னியாஸ்திரி மடங்களையும் கவனித்தார். மற்ற பெண்களைவிட அங்கே மார்பகப் புற்றுநோய் அதிகம் என்று பதிவு செய்தார்.

4/
அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, வெரோனா நகரம். டொமினிகோ ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1760 முதல் 1839 வரையிலான ஊர் மரணப் பதிவுகளை எடுத்து உட்கார்ந்து எண்ணினார். 80 வருஷப் பதிவு. கம்ப்யூட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது.

1842-ல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான். கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம். கர்ப்பப்பைப் புற்றுநோய் குறைவு. கல்யாணமான பெண்களுக்கு நிலைமை தலைகீழ்.

5/
கொஞ்சம் நின்று இதை யோசியுங்கள்.

ஒரே வாழ்க்கை முறை ஒரு புற்றுநோயைக் கூட்டுகிறது, இன்னொன்றைக் குறைக்கிறது. அப்படியென்றால் "பிள்ளை பெற்றால் நல்லது", "பெறாவிட்டால் கெடுதல்" என்று ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதவே முடியாது. 1842-லேயே இது காகிதத்தில் வந்துவிட்டது. வாட்ஸ்அப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

6/
கன்னியாஸ்திரிகளுக்கு ஏன் அந்த நோய் குறைவு என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் 140 வருஷம் ஆனது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் உடலுறவு வழியாகத் தொற்றும் எச்.பி.வி. வைரஸ் என்பதை 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு காட்டியது. அதற்காக அவருக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்த வைரஸுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது.

சின்ன வயதில் கல்யாணம், அடுத்தடுத்து நிறைய பிரசவம் இரண்டும் இந்த நோயின் அபாயத்தைக் கூட்டுகின்றன. ஆக, பிள்ளை நிறையப் பெற்றவருக்குத்தான் இந்தப் புற்றுநோய் அதிகம். ஊர்ப் பேச்சுக்கு நேர் எதிர்.

7/
அடுத்த பெரிய அடி 1926, இங்கிலாந்து. எடுத்து வைத்தவர் ஒரு பெண் மருத்துவர், ஜேனட் லேன்-கிளேபான்.

மார்பகப் புற்றுநோய் வந்த 500 பெண்கள், வராத 500 பெண்கள். இரண்டு பக்கமும் ஒரே கேள்விகள். எத்தனை வயதில் கல்யாணம்? எத்தனை பிள்ளை? எவ்வளவு காலம் பால் கொடுத்தீர்கள்? பதில்களை எதிரெதிரே வைத்துப் பார்த்தார். தாமதமான கல்யாணம், குறைந்த பிள்ளைகள், குறைந்த தாய்ப்பால் என்றால் மார்பகப் புற்றுநோய் கூடுதல்.

இன்றைக்கு நீங்கள் ஓ.பி.க்கு வரும்போது "எத்தனை பிரசவம்? எல்லாம் நார்மலா? பால் கொடுத்தீங்களா? குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இப்படியொரு வரலாறு இருக்கிறது. வம்பு பேசக் கேட்பதில்லை.

8/
சரி, சினைப்பைக்கு வருவோம். இங்கே கதாநாயகர் எகிப்துக்காரர். அஸ்யூத் பல்கலைக்கழக மகப்பேறு மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா.

1971-ல் லான்செட் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அவர் முன்வைத்த யோசனை ரொம்ப எளிமையானது. முட்டை வெளியே வரும் ஒவ்வொரு முறையும் சினைப்பையின் மேல்தோல் கிழிகிறது. உடம்பு அதைத் தைத்துச் சரிசெய்கிறது. அதற்காகச் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. செல் பெருகும்போதெல்லாம் எழுத்துப்பிழை நடக்க ஒரு வாய்ப்பு உண்டு. இடைவிடாமல் மாதாமாதம் கிழிந்து தைக்கப்பட்டால் பிழைக்கான வாய்ப்பும் கூடும்.

9/
இதற்கு நம்ம பக்கத்து உதாரணம் வேண்டுமா? நாமக்கல் முட்டைக்கோழி.

மனிதர்களைப் போலவே சினைப்பை புற்றுநோய் தானாகவே அதிகம் வருகிற விலங்கு முட்டைக்கோழிதான். கிட்டத்தட்ட தினம் ஒரு முட்டை போடும்படி வளர்க்கப்பட்ட இனம். பண்ணையில் ஒன்றரை வருஷம் போல ஆனதும் கோழிகளை மாற்றிவிடுவதால் இது நம் கண்ணில் படுவதில்லை. இரண்டு மூன்று வருஷம் தாண்டி வாழவிட்டால் நிறைய கோழிகளுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது. அதனால்தான் இன்றும் ஆராய்ச்சிக்கூடங்களில் சினைப்பை புற்றுநோயைப் படிக்கக் கோழி வளர்க்கிறார்கள்.

(பயந்துவிட வேண்டாம். முட்டை சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள்.)

10/
இப்போது நம் வீட்டுக் கணக்கு. தோராயமாக ஒரு உதாரணம் போடுகிறேன்.

அப்பத்தா: 15 வயதில் வயதுக்கு வந்தார். 45-ல் மாதவிடாய் நின்றது. நடுவில் 30 வருஷம், அதாவது 360 மாதம். 8 பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் 9 மாதக் கர்ப்பம், பால் கொடுத்ததால் சுமார் 12 மாதம் முட்டை வராத காலம். 8 × 21 = 168 மாதம் போக, மீதி 192.

பேத்தி: 12 வயதில் வயதுக்கு வந்தார். 47-ல் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். 35 வருஷம், 420 மாதம். 2 பிள்ளைகள், ஒவ்வொன்றுக்கும் 9 + 4 மாதம். 26 போக, மீதி 394.

இரண்டு மடங்கு! ஒரே ரத்தம், ஒரே வீடு, இரண்டு தலைமுறைதான் இடைவெளி.

11/
இந்த வித்தியாசம் அப்படியே இரண்டு மடங்கு புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் திசை சரி. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகள் சொல்வது இது:

- ஒரு குழந்தையாவது பெற்றவருக்கு அபாயம் குறைவு. அடுத்தடுத்த பிரசவங்களில் இன்னும் கொஞ்சம் குறைகிறது.
- தாய்ப்பால் கொடுத்தால் குறைகிறது.
- சீக்கிரம் வயதுக்கு வருவதும், தாமதமாக மாதவிடாய் நிற்பதும் கொஞ்சம் கூட்டுகின்றன.

12/
ஃபதல்லா சொன்னது சரி என்றால், முட்டை வருவதையே நிறுத்தும் கருத்தடை மாத்திரையும் பாதுகாப்புத் தர வேண்டும், இல்லையா?

தருகிறது. 2008-ல் 21 நாடுகளின் 45 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். புற்றுநோய் வந்த 23,000-க்கும் மேற்பட்ட பெண்கள், வராத 87,000 பெண்கள். மாத்திரை சாப்பிட்ட ஒவ்வொரு 5 வருஷத்துக்கும் அபாயம் சுமார் 20% குறைந்தது. 15 வருஷம் சாப்பிட்டவர்களுக்குப் பாதியாகவே குறைந்தது. நிறுத்திய பிறகும் பல வருஷங்களுக்கு அந்தப் பாதுகாப்பு நீடித்தது.

இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் போய் மாத்திரை வாங்காதீர்கள். ரத்தம் உறைதல், சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் அபாயம் லேசாகக் கூடுவது என்று அதற்கும் மறுபக்கம் உண்டு. பி.பி., புகைப்பழக்கம், ஒற்றைத் தலைவலி எல்லாம் கேட்டுத்தான் எழுதித் தர வேண்டும்.

13/
இதுவரை இத்தாலி, இங்கிலாந்து, எகிப்து. நம் ஊரில் யாராவது எண்ணினார்களா?

எண்ணினார்கள். எண்ணுவதற்கு முதலில் ஆஸ்பத்திரி வேண்டும். அந்த ஆஸ்பத்திரியும் ஒரு பெண்ணின் துக்கத்தில்தான் பிறந்தது.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து 1912-ல் டாக்டரான முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். ஆரம்பத்தில் அதைச் சீதபேதி என்று நினைத்துவிட்டார்கள். நோய் இன்னதென்று தெரியும்போது காலம் கடந்திருந்தது.

14/
அந்தத் துக்கத்தை அவர் விடவில்லை. 1927-ல் மெட்ராஸ் சட்டசபை மேலவைக்குப் போனார். தேவதாசி முறை ஒழிப்பு, பெண்களின் கல்யாண வயதை உயர்த்துவது என்று போராடினார். கூடவே புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

1954-ல் அடையாறில் கேன்சர் இன்ஸ்டிட்யூட் திறந்தது. 12 படுக்கைதான். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மா 2021 ஜனவரியில் காலமாகும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

பிரசவத்துக்கு அரசு தரும் உதவித்தொகை "டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி" என்று உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். அதே முத்துலட்சுமி ரெட்டிதான்.

15/
இந்த அடையாறு இன்ஸ்டிட்யூட்டில்தான் 1980-களின் தொடக்கத்தில் சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு ஆரம்பமானது. சென்னையில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும், எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தாலும், அது ஒரு வரியாக இங்கே ஏறும்.

வெரோனாவில் ரிகோனி-ஸ்டெர்ன் செய்த அதே வேலை. ஆனால் அவர் மரணத்தை மட்டும் எண்ணினார். இவர்கள் நோயையும் எண்ணினார்கள்.

16/
பதிவேட்டில் என்ன தெரிந்தது?

ஆரம்ப வருஷங்களில் சென்னைப் பெண்களுக்கு முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். மார்பகம் அதற்குப் பின்னால். வருஷம் போகப் போக முதலாவது இறங்கியது, இரண்டாவது ஏறியது. 2000-களில் மார்பகம் முந்திவிட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிட்டது.

வெரோனாவில் ஊர்ப் பெண்களுக்கும் மடத்துப் பெண்களுக்கும் நடுவில் இருந்த அதே வித்தியாசம், சென்னையில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் தெரிந்தது.

17/
ஏன் என்று கேட்டால், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி நான்கு பிள்ளை. 1992-93-ல் 2.5. 1998-99-ல் 2.2. 2019-21-ல் 1.8.

இது ஒரே ஒரு திட்டத்தால் வந்தது இல்லை. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கென்று ஒரு அத்தியாயமே உண்டு. நாட்டின் ஜனத்தொகைக்காக இல்லை, பெண்ணின் விடுதலைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்பது அவர் வாதம். பிறகு 1978-ல் பெண்ணின் கல்யாண வயது சட்டப்படி 18 ஆனது. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 1989-ல் கலைஞர் கொண்டுவந்த, படித்த பெண்ணுக்குத் திருமண உதவி. கிராமம் கிராமமாக பஸ், பள்ளிக்கூடம், வி.ஹெச்.என். அக்கா. எல்லாம் சேர்ந்து செய்த வேலை.

18/
இதன் இன்னொரு பக்கம்: பிள்ளை குறைந்தால் சினைப்பை புற்றுநோய் அபாயம் லேசாகக் கூட வேண்டும். இந்தியப் பதிவேடுகள் பலவற்றில் அது மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆயுள் கூடியதும், ஸ்கேன் பரவலானதும் அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சுமார் 47,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. அதே வருஷம் சுமார் 33,000 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு எண்ணும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதுதான் இந்த நோயின் கொடுமை. தாமதமாகத்தான் தெரிய வருகிறது.

19/
"பார்த்தீங்களா டாக்டர், அந்தக் காலம்தான் நல்லது. எட்டு பத்து பெத்தாங்க, கேன்சரே இல்ல" என்று யாராவது சொல்வதற்குள் இந்தக் கணக்கையும் பார்த்துவிடுங்கள்.

1990 வாக்கில்கூட இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 500-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். அந்த விகிதத்தில் 8 பிரசவம் என்றால்? 8 × 500 = லட்சத்துக்கு 4,000. அதாவது நூறு பெண்களில் நான்கு பேர் பிள்ளை பெறும்போதே போய்விடுவார்கள்.

சினைப்பை புற்றுநோய் நம் நாட்டில் ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டாலும் நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது.

20/
அப்பத்தா காலத்தில் கேன்சர் தெரியாததற்குக் காரணம், பல பேர் அந்த வயது வரை வாழவில்லை. வாழ்ந்தவர்களுக்கும் "வயித்துல கட்டி", "மகோதரம்" என்று பேர் வைத்து வீட்டிலேயே முடிந்தது.

2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய் மரணம். அதுவும் பூஜ்யம் ஆக வேண்டும். ஆனாலும் இது எவ்வளவு பெரிய மாற்றம்! முட்டைக் கணக்கு போட்ட அதே ஃபதல்லா, பின்னாளில் பிரசவ மரணங்களைத் தடுக்கும் உலக இயக்கத்தின் முக்கியமான குரல்களில் ஒருவராக ஆனார். தன் கண்டுபிடிப்பை வைத்து "நிறைய பிள்ளை பெறுங்கள்" என்று அவர் சொல்லவில்லை. நாம் ஏன் சொல்ல வேண்டும்?

21/
இப்போது கருக்குழாய். இந்தக் கதையின் திருப்பம்.

2001-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், குடும்பத்தில் மரபணுக் கோளாறு இருந்ததால் முன்கூட்டியே எடுக்கப்பட்ட சினைப்பைகளையும் குழாய்களையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் சினைப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தெரிந்தன. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இதை உறுதி செய்தன. அதிக உயிர்களை எடுக்கும் சினைப்பை புற்றுநோய் வகை, பெரும்பாலும் கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்கி, அங்கிருந்து சினைப்பையில் போய் ஒட்டுகிறது.

22/
இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் கருக்குழாயில் ஏற்கெனவே கத்தி பட்டிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்!

இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சினைப்பை புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கர்ப்பப்பையிலிருந்து செல்கள் குழாய் வழியாக மேலே ஏறிப் போவது தடைபடுகிறது என்பது முக்கியமான விளக்கம்.

ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. நம் ஊரில் குழாயின் நடுவில் ஒரு துண்டைத்தான் எடுக்கிறோம், நுனி அப்படியே இருக்கிறது. அதனால் "நான்தான் ஆபரேஷன் பண்ணிட்டேனே" என்று அசட்டையாக இருக்க முடியாது.

23/
இதையும் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. 1950-களில் மெட்ராஸ் மாகாணத்தில் கருத்தடை என்றால் ஆண்களுக்குச் செய்வதுதான் முன்னணியில் இருந்தது. எமர்ஜென்சியில் (1975-77) வட இந்தியாவில் ஆண்களைப் பிடித்துக் கட்டாய ஆபரேஷன் செய்த கொடுமைக்குப் பிறகு மொத்தப் பாரமும் பெண்கள் தலையில் ஏறியது. இன்று தமிழ்நாட்டில் ஆண்கள் செய்துகொள்வது நூறில் ஒருவர்கூட இல்லை. தழும்பு தெரியாத, தையல் இல்லாத சின்ன ஆபரேஷன் அது. ஆண்களே, யோசியுங்கள்.

புற்றுநோய் வராமல் இருப்பதற்காக யாரும் குடும்பக் கட்டுப்பாடு செய்ய வேண்டியதில்லை. பிள்ளை போதும் என்று முடிவெடுத்துச் செய்த பெண்ணுக்குக் கூடவே கிடைக்கும் ஒரு நன்மை, அவ்வளவுதான்.

24/
இன்னொரு தப்பான பாடத்தையும் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். "அப்ப பிரச்சினையே வேணாம், எல்லாத்தையும் எடுத்துருங்க."

35, 38 வயதுப் பெண்கள் வெள்ளைப்படுதலுக்கும் முதுகு வலிக்கும் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வருகிறார்கள். கூடவே சினைப்பையையும். காரணம் இல்லாமல் சினைப்பையைச் சின்ன வயதில் எடுத்தால் எலும்பு தேயும், மாரடைப்பு அபாயம் கூடும். நூறில் ஒருவருக்கு வரக்கூடிய நோய்க்குப் பயந்து, அதைவிட அதிகம் பேரைக் கொல்லும் இதய நோயை வீட்டுக்கு அழைக்கக் கூடாது.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தவருக்குச் சினைப்பை உள்ளேதான் இருக்கிறது. அதையும் மறக்காதீர்கள்.

25/
சினைப்பையை முன்கூட்டியே எடுப்பது யாருக்கு நியாயம்? மரபணுவில் அபாயம் இருப்பவர்களுக்கு.

1990-ல் அமெரிக்காவின் மேரி-கிளேர் கிங், குடும்பம் குடும்பமாக வரும் மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-ல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். பிராக்கா-1 என்பது அதன் பெயர். அதில் கோளாறு உள்ள நூறு பெண்களில் சுமார் 40 பேருக்குச் சினைப்பை புற்றுநோய் வரலாம். ஏஞ்சலினா ஜோலி 2015-ல் சினைப்பைகளை எடுத்துக்கொண்டது இதனால்தான்.

அம்மா, அக்கா, தங்கை, சித்தி, பெரியம்மா, அத்தை, அப்பத்தா, அம்மாச்சி என்று யாருக்காவது மார்பகம் அல்லது சினைப்பை புற்றுநோய் வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பா வழியும் கணக்குத்தான். அப்பா மூலமாகவும் இந்த மரபணு வரும்.

26/
ஸ்கிரீனிங் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள்.

கர்ப்பப்பை வாய்க்கு முடியும். நமக்குப் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லிலேயே நிரூபித்தார்கள். 2000 முதல் நடந்த ஆய்வில், கிராமத்துப் பெண்களுக்கு வினிகர் போன்ற அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் ஒரே ஒரு பரிசோதனை. அந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35% குறைந்தது. 2007-ல் லான்செட்டில் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் 30 வயதுக்கு மேல் இந்தப் பரிசோதனை இலவசம். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் இருந்து அந்த மாவட்டத்துக்கென்று ஒரு புற்றுநோய்ப் பதிவேடும் நடத்தினார்கள்.

சினைப்பைக்கு அப்படி இல்லை. இங்கிலாந்தில் இரண்டு லட்சம் பெண்களை வருஷக்கணக்கில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று தொடர்ந்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. மரணம் குறையவில்லை. அதனால் "மாஸ்டர் செக்கப்"பில் சி.ஏ. 125 எடுத்து நார்மல் என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

27/
பிறகு என்னதான் செய்வது? அறிகுறியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

- வயிறு உப்புசம். பாவாடை நாடா திடீரென்று இறுக்குவது.
- இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த மாதிரி இருப்பது.
- அடிவயிற்றில் வலி, கனம்.
- அடிக்கடி, அவசரமாக ஒன்றுக்குப் போவது.

இதெல்லாம் எல்லோருக்கும் எப்போதாவது வரும். ஆனால் புதிதாக ஆரம்பித்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால், குறிப்பாக 50 வயதைத் தொட்டவர் என்றால், "கேஸ் ட்ரபிள்" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலும் அதே மாதிரிதான். உடனே காட்டுங்கள்.

28/
சோழவந்தான் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் கொடிக்கால் வேலைக்கும் போகிற அம்மாக்கள் வயிற்று வலியை வலியாகவே எண்ணுவதில்லை. "அறுப்பு முடியட்டும், திருவிழா முடியட்டும், பேத்தி காதுகுத்து முடியட்டும்." இப்படியே ஆறு மாதம் போய்விடும். இந்த நோய்க்கு ஆறு மாதம் ரொம்பப் பெரிசு.

பெண்கள் நலப் பிரிவில் காட்டி ஒரு வயிற்று ஸ்கேன் எடுப்பது முதல் படி. தேவைப்பட்டால் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். ஆபரேஷன், கீமோ இரண்டும் அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். அட்டை இல்லையென்றும் வராமல் இருக்காதீர்கள்.

29/
கடைசியாக, பிள்ளை இல்லாத பெண்களுக்கு.

பிள்ளை இல்லாததால் உங்கள் அபாயம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அந்தக் "கொஞ்சம்" கூடிய பிறகும், நூறு பேரில் 98 பேருக்கு மேல் இந்த நோய் வரப்போவதில்லை. குழந்தைக்காக எடுத்துக்கொண்ட ஊசி மருந்தால்தான் கேன்சர் வந்தது என்று யாராவது பயமுறுத்தினால், பெரிய ஆய்வுகளில் அதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

கல்யாணம் செய்யாமல் இருந்தது, பிள்ளை வேண்டாம் என்றது, தவறிப்போன கர்ப்பங்கள், எதுவுமே குற்றம் இல்லை. நான்கு பிள்ளை பெற்றவருக்கும் இந்த நோய் வருகிறது. வந்துவிட்ட ஒருவரிடம் "அப்பவே பெத்திருந்தா..." என்று ஆரம்பிக்கிற உறவினர் நீங்கள் என்றால், தயவுசெய்து அந்த வாக்கியத்தை அங்கேயே விழுங்கிவிடுங்கள்.

30/
ரமசினி, ரிகோனி-ஸ்டெர்ன், லேன்-கிளேபான், ஃபதல்லா, அடையாறு பதிவேட்டில் வரி வரியாக எழுதியவர்கள். இவர்கள் எல்லோரும் பெண்களின் வாழ்க்கையை எண்ணியது, அடுத்த பெண்ணாவது பிழைக்கட்டும் என்பதற்காக. அந்த எண்களை எடுத்துப் பெண்ணைக் குத்திக்காட்டுவது அவர்கள் செய்த வேலையைத் தலைகீழாக்குவது.

எங்கள் கேஸ் ஷீட்டில் "எத்தனை பிரசவம்?" என்ற கட்டத்தில் பூஜ்யமும் எழுதுவோம், எட்டும் எழுதுவோம். சிகிச்சை ஒன்றுதான்.

உங்கள் வீட்டு அம்மாவுக்கு, அத்தைக்கு 27-ஆவது பதிவை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.


– அரசு மருத்துவர், சோழவந்தான்